இரண்டாவது ஜாமீன்

அத்தியாயம் 14

கை ஒடிந்த மகளும், அந்தக் கையை ஒடித்தவனை வெளியே எடுக்கப் போகிற தாயும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்குக் காலை ஏழரை மணிக்குப் பெரும்பாக்கத்தில் தரமணி பஸ் ஏறியிருந்தால் பார்த்திருக்கலாம்.

ஜன்னல் ஓரம் தாயம்மா. மடியில் மஞ்சப் பை. பக்கத்தில் ஜோதிலட்சுமி, இடது கையில் மாவுக்கட்டு. இரண்டு பேருக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காரலாம் போல இடைவெளி.

புதிதாக வந்தவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோதியின் புருஷன் மதிவாணன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனவன். போன மாதம் ஒன்றும் நடக்காதவன் போலத் திரும்பி வந்தான். வந்தவன் நேராகச் சைதாப்பேட்டை போய் ஜோதியின் தம்பி செம்பியனைப் பிடித்துக்கொண்டான். செம்பியன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நாலு நாள் சேர்ந்து குடித்ததில் மாமனும் மச்சானும் உயிருக்கு உயிராகிவிட்டார்கள்.

“மாமாவ வூட்ல சேத்துக்கோ” என்றான் செம்பியன். “அந்த ஆளு என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது” என்றாள் ஜோதி. அம்மாவின் மாத்திரை வாங்கச் சைதாப்பேட்டைக்குப் போனவளை ஆட்டோ ஸ்டாண்டில், பத்துப் பேர் பார்க்க, ஜாக்கி ராடால் அடித்தான் தம்பி. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, “மாடிப்படில வுயுந்துட்டா சார்” என்று முந்திக்கொண்டு சொன்னவள் தாயம்மா. ஜோதி அம்மாவை ஒதுக்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். கேஸ் ஆயிற்று. செம்பியன் புழல் ஜெயிலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

முந்தாநாள் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போடவேண்டும். அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்கவேண்டும். இன்றைக்குச் சைதாப்பேட்டை கோர்ட்டில் அது நடக்காவிட்டால் நாளைக்குப் போகி, மறுநாள் பொங்கல். கோர்ட் திறக்க ஐந்து நாள் ஆகும். தாயம்மாவின் ஒரே ஆண்பிள்ளை பொங்கலன்றைக்கு உள்ளே இருப்பான்.

சரி, அவள் போகிறாள். ஜோதி எதற்குப் போகிறாள்?

தாயம்மாவுக்குக் கண் சரியில்லை. ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண்ணில் ஆபரேஷன் ஆகியும் எல்லாம் புகையாகவே தெரிகிறது என்பாள். பஸ் நம்பர் தெரியாது, படிக்கட்டு தெரியாது. “யாருனா என்ன இட்டுக்கினு போங்கடி” என்று இரண்டு நாளாகப் புலம்பினாள். இட்டுக்கொண்டு போக வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பேத்தி கயலுக்குப் பிளஸ் டூ. தனியாக அனுப்பி எங்காவது விழுந்து தொலைத்தால் அந்தப் பழியும் ஜோதி தலையில்தான் விடியும். அந்தப் பயம்தான் அவளைக் கிளப்பியது. வேறு பாசமெல்லாம் ஒன்றும் இல்லை.

காலையில் நாலாவது மாடியிலிருந்து இறங்கும்போதே முதல் உரசல்.

“சாவி எங்கம்மா?” என்றாள் ஜோதி, தோள்பையைத் துழாவிக்கொண்டே.

“சாவி இன்னாத்துக்கு உனக்கு? பூட்டி உம்மே ஹானி கைல குட்த்துட்டேன். கயலு ஸ்கூல் வுட்டு வந்தா வாங்கிக்கும்.”

“எப்பவும் நான்தான பூட்டுவேன்?”

“ஒத்தக் கைய வெச்சிக்கினு பூட்டப் போறியா? நட.”

பக்கத்து வீட்டு உம்மே ஹானியிடம் சாவி கொடுப்பது வழக்கம்தான். ஜோதி நடந்தாள்.

பஸ் துரைப்பாக்கம் பக்கம் திரும்பியபோது ஜோதிதான் வாயைத் திறந்தாள்.

“கோர்ட்டு வாசல் வரிக்கும் கொண்டாந்து வுடுவேன். உள்ள ஒரு அடி வெக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

“யாரு உன்ன உள்ள வரச் சொன்னா? வாசல்ல வுட்டுட்டு எங்கனா போ.”

“திரும்ப எப்டி வருவ?”

“யாராச்சும் புண்ணியவாங்க பஸ் ஏத்தி வுடுவாங்க. பெத்த பொண்ணு ஏத்த மாட்டேன்னா ஊர்ல ஜனமே இல்லியா?”

முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். அதுதான் தாயம்மாவுக்கு வேண்டும். சண்டையென்றால் சாட்சி இருக்கவேண்டும் அவளுக்கு.

“பையக் குடு. நான் வெச்சிக்கிறேன்” என்றாள் ஜோதி, இறங்கும் இடம் வந்தபோது.

“வாணாம். கோர்ட்டு பேப்பர் கீது. உன் கைக்கு வந்தா கிழிச்சாலும் கிழிப்ப.”

தரமணியில் பறக்கும் ரயில். படியேறும்போது தாயம்மா மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். காலால் ஒவ்வொரு படியாகத் துழாவினாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். ஜோதி ஹவுஸ் கீப்பிங் வேலை பார்க்கும் கம்பெனிக் கட்டடம் பிளாட்பாரத்திலிருந்து தெரிந்தது. கட்டுப் பிரித்தால்தான் அங்கே வேலை. அதுவரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகச் சூப்பர்வைசர் ஹபீபுர் ரஹ்மான் சொல்லியிருக்கிறார்.

ரயில் கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாற்றின் மேல் போயிற்று.

“ஆறு வந்துடுச்சா?” என்றாள் தாயம்மா, வெளியே பார்த்தபடியே.

“தாண்டிக்கினு கீது.”

“வெள்ளம் வந்த அன்னிக்கி கயலு எவ்ளோ உயரம்? இத்தினிக்கூண்டு. கழுத்து வரிக்கும் தண்ணி. தோள்ல தூக்கிக்கினு வந்தது யாரு?”

ஜோதி ஆற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செம்பியன்தான் தூக்கி வந்தான். சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசை முழுக்கத் தண்ணீர். ஜோதி கூரையைப் பிடித்துக்கொண்டு அலறியபோது, குழந்தையைத் தோளில் வைத்து, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். மதிவாணன் அப்போது வீட்டில்தான் இருந்தான். தான் மட்டும் முதலில் ஏறிப் போய்விட்டான். அதெல்லாம் ஜோதிக்கு மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் அவளுக்கு ஆத்திரம்.

“அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு” என்றாள். “கொழந்தயக் காப்பாத்தனான். கைய ஒடிச்சான். கணக்கு முடிஞ்சிது.”

“பொம்பளயாடி நீ?”

“தெரியல. நீதான பெத்த?”

திருமயிலையில் இறங்கினார்கள். நாலடி நடந்திருப்பார்கள்.

“ஒம்போதே கால் ஆவுது. வெரசா நட” என்றாள் தாயம்மா.

ஜோதி நிமிர்ந்து பார்த்தாள். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் சிவப்பு எழுத்தில் கடிகாரம். மணி ஒன்பது பதினாறு. ரயிலில் யாரோ மணி கேட்டிருப்பார்கள், அம்மா காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, மனசில் ஒரு நெருடல்.

மாட வீதிக்குப் பின்னால் வைதேகியின் வீடு. தாயம்மா இருபது வருஷம் பாத்திரம் தேய்த்த வீடு. அப்போது பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வைதேகி இப்போது வக்கீல். செம்பியனுக்கு ஜாமீன் வாங்கியது அவள்தான். தாயம்மா உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். ஜோதி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

வைதேகியே வெளியே வந்தாள். “வாசல்லயே நிக்கறேளே ஜோதி. உள்ள வாங்கோ.”

“இருக்கட்டும்மா. நான் எதிர்க்கட்சி.”

“கை எப்படி இருக்கு?”

“உங்க கட்சிக்காரன் ஒடச்சதுதான? உள்ள கம்பி வெச்சிக்கீறாங்க.”

வைதேகிக்கு முகம் சுண்டிவிட்டது. “உங்கம்மா வந்து அழுதா. எங்காத்துல இருபது வருஷம் இருந்தவா. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“நானும் உங்க வூட்ல பாத்திரம் தேச்சிருந்தா எனக்காக வாதாடியிருப்பீங்களா?”

வைதேகி கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினாள். பிறகு, பின்னால் வந்து நின்ற தாயம்மாவிடம் வேலையைப் பேசினாள்.

“நான் ஸ்கூட்டர்ல முன்னாடி போறேன். பதினொண்ணரைக்குள்ள வந்துடுங்கோ. ரெண்டாவது ஜாமீன் மதிவாணன் நேரா கோர்ட்டுக்கே வந்துடறாரோல்லியோ? ஆதார் ஒரிஜினல் கொண்டு வரச் சொல்லுங்கோ.”

ஜோதிக்குக் காது அடைத்தது. தெருமுனை வரைக்கும் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். பழக்கடை தாண்டியதும் நின்றுவிட்டாள்.

“யாரு வர்றது கோர்ட்டுக்கு?”

“காதுல வுயுந்துச்சில்ல? அப்புறம் இன்னா கேள்வி?”

“அந்த ஆளு கையெழுத்துப் போட்டு உன் புள்ளய வெளிய எடுப்பான். வெளிய வந்து இவன் அந்த ஆள இட்டுக்கினு நேரா என் வூட்டுக்கு வருவான். அதுக்கு என் செலவுல, என் கையப் புடிச்சிக்கினு நீ போற. அப்பிடித்தான?”

“உன் செலவா? எனக்கும் உனக்கும் பஸ்ஸு ஓசிடீ.”

“எம்மா!”

“கத்தாத. நான் இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறவ. வயசுப் பொண்ண வெச்சிக்கினு ஆம்பள இல்லாத வூட்ல தனியா இன்னா பண்ணுவ? நாலு பேரு நாலு விதமா பேசமாட்டாங்க?”

“ஒம்போது வருசமா ஆம்பளயா வந்து கதவத் தொறந்தான்? அந்த நாலு பேரு வந்து சோறு போட்டாங்களா?”

“அப்ப என்ன நடுரோட்ல வுட்டுட்டுப் போ. கண்ணு தெரியாதவ. லாரில அடிபட்டு சாவறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி.”

பழக்கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஜோதிக்கு அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் போலத்தான் இருந்தது. கால் திரும்பவும் செய்தது. ஆனால் தாயம்மா அதற்குள் ரோட்டில் இறங்கி, எதிரே வரும் ஆட்டோவைப் பார்க்காதவள் போல இரண்டடி வைத்துவிட்டாள். ஜோதி பாய்ந்து ஒற்றைக் கையால் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

“வா. வாசல்ல வுட்டுட்டுப் போறேன். அத்தோட சரி” என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் சைதாப்பேட்டை பஸ் வந்தது. காலியாக வந்தது. ஜோதி ஏறப் போனாள்.

“அது காசு வண்டி. நம்ம வண்டி வரட்டும்” என்றாள் தாயம்மா. பெண்களுக்கு டிக்கெட் கிடையாத, முகப்பில் பிங்க் அடித்த வண்டியைத்தான் அவள் நம்ம வண்டி என்பாள். மழையானாலும் வெயிலானாலும் அதற்காகத்தான் நிற்பாள்.

“நேரமாவுதுன்னு நீதான சொன்ன? உன் புள்ளைக்குத்தான நேரமாவுது?”

“காசு குட்த்து ஏறச் சொல்றியா? கெவர்மெண்டு ஓசியா வுட்டுக்கீது. நமக்கு இன்னா கொழுப்பா?”

இருபத்தைந்து நிமிஷம் நின்றார்கள். எதிர்ச்சாரியில் போகி மேளம் விற்கிறவன் ஒரு சின்ன மேளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். ஜோதிக்குத் தலை வெடித்தது.

சைதாப்பேட்டை முழுக்கக் கரும்பும் மஞ்சள் கொத்துமாக இருந்தது. நெரிசலில் தாயம்மாவை இழுத்துக்கொண்டு கோர்ட் வாசலுக்கு வரும்போது பதினொன்று இருபது. உள்ளே வேப்ப மரத்தடியில் நாற்பது ஐம்பது கறுப்புக் கோட்டுகள்.

“வந்தாச்சு. உங்க வக்கீலம்மாவ நீயே விசாரிச்சிக்கோ” என்று ஜோதி கையை விடுவித்துக்கொண்டாள்.

“இன்னாத்துக்கு விசாரிக்கணும்? அதோ நிக்குது பாரு வைதேகி பாப்பா. மரத்துக்கு அந்தாண்ட, செவப்பு ஃபைல வெச்சிக்கினு.”

ஜோதி பார்த்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து நல்ல தூரத்தில், சிவப்பு ஃபைலோடு நின்றுகொண்டிருந்தாள் வைதேகி.

ஜோதி மெல்லத் திரும்பினாள். “உனக்குக் கண்ணு தெரியுது.”

“இன்னா?”

“உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதும்மா. ஸ்டேஷன்ல மணி பாத்த. இப்ப ஃபைலு கலரு சொல்ற. அப்புறம் இன்னாத்துக்கு என்ன இட்டாந்த?”

தாயம்மா ஒரு கணம் திருதிருவென விழித்தாள். பிறகு காலால் தரையைத் துழாவாமல், யாரும் கை பிடிக்காமல் விறுவிறுவென்று வேப்ப மரத்தை நோக்கி நடந்தாள். ஜோதி பின்னாலேயே ஓடினாள். உள்ளே ஒரு அடி வைக்கமாட்டேன் என்று சொன்னதெல்லாம் அந்த ஓட்டத்தில் மறந்துபோயிற்று.

“மதிவாணன் எங்க?” என்றாள் வைதேகி. “போன் போட்டா எடுக்கவே இல்ல.”

“அவுரு வரமாட்டாரு பாப்பா. இந்தா, இவதான் ரெண்டாவது.” தாயம்மா மஞ்சப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைதேகியின் ஃபைல் மேல் வைத்தாள். ஜோதியின் ஆதார். கம்பெனி ஐ.டி. கார்டு. சம்பளச் சீட்டு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. எல்லாம் ஜோதியின் பீரோவில், துணிக்கு அடியில் இருந்தவை.

வைதேகி ஆதாரை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். “என்ன தாயம்மா இது? அடிபட்டவாளையே கொண்டு வந்து ஜாமீனுக்கு நிறுத்தறேளே!”

“நீதான பாப்பா ரத்த சொந்தம் வோணும்னு சொன்ன? ஒரே வயித்துல பொறந்தவ. இதுக்கு மேல இன்னா ரத்தம் வோணும் உங்க கோர்ட்டுக்கு?”

வாங்கின அடி வேறு, உடன்பிறப்பு வேறு என்பது தாயம்மாவின் சட்டம். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. கோர்ட்டுக்குக்கூடக் குழப்பம் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“கூடாதுன்னு சட்டத்துல இல்லதான்” என்றாள் வைதேகி தயங்கித் தயங்கி. “ஆனா மாஜிஸ்திரேட் கண்டிப்பா கேள்வி கேப்பார். ஜோதி, உங்களுக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே கிளம்பிடுங்கோ. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.”

ஜோதி தன் ஆதார் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பீரோவைத் திறந்து, துணியைக் கலைத்து, தேடி எடுத்து, பையில் போட்டு, இரண்டு நாளாகக் கண் தெரியவில்லை என்று அழுதிருக்கிறாள் பெற்றவள்.

“எட்த்துக் குடும்மா” என்று கையை நீட்டினாள் வைதேகியிடம்.

அவ்வளவுதான். தாயம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் அடித்துக்கொண்டாள். “பொங்கலுக்கு என் புள்ள உள்ள கெடக்கணுமா? எல்லா வூட்லயும் பால் பொங்கும், என் வயிறு எரியணுமா? கூடப் பொறந்தவளே கொள்ளி வெக்கிறாளே!” என்று எடுத்த குரலில் போலீஸ்காரர்கள் திரும்பினார்கள். வக்கீல்கள் திரும்பினார்கள். கை ஒடிந்து நிற்பவள் ஜோதி. பரிதாபம் எல்லாம் தரையில் கிடந்தவளுக்குப் போயிற்று. “ஒரு கையெழுத்துதானம்மா, போட்டுட்டுப் போயேன்” என்றது ஒரு கறுப்புக் கோட்டு.

ஜோதிக்கு வெள்ளத் தண்ணீரும் கயிறும் நினைவுக்கு வந்தன. ஜாக்கி ராடும் நினைவுக்கு வந்தது. எது முன்னால், எது பின்னால் என்று பிரிக்க முடியவில்லை.

“எந்திரி” என்றாள். “எங்க போடணும் கையெழுத்து?”

தாயம்மா எழுந்துவிட்டாள். கண்ணீர் நின்றுவிட்டது. புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

கோர்ட் ஹாலில் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பெயர் கூப்பிட்டார்கள். தாயம்மா ஏறி நின்றாள். பக்கத்தில் ஜோதி. பெஞ்ச் கிளார்க் பேப்பரைப் புரட்டியவர், திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

“ஐயா, புகார்தாரர் ஜோதிலட்சுமின்னு இருக்கு. இரண்டாவது ஜாமீன்தாரரும் ஜோதிலட்சுமி. விலாசமும் ஒண்ணு.”

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முதலில் முகத்தை, பிறகு மாவுக்கட்டை.

“நீங்கதான் அடிபட்டவங்களா?”

“ஆமாங்கய்யா.”

“அடிச்சவருக்கு நீங்களே ஜாமீன் நிக்கிறீங்க. உங்க இஷ்டத்துலதான் வந்தீங்களா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க.”

இதைச் சொல்லவேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு ஜோதி அங்கே ஏறவில்லை. கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிட்டுப் போய்விடத்தான் வந்தாள். ஆனால் பன்னிரண்டு நாளில் ஒரு ஆளும் அவளிடம் இப்படிக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புகையும் இல்லை, புரையும் இல்லை. மிரட்டல்தான் இருந்தது அந்தக் கண்ணில்.

“கட்டாயம்தாங்கய்யா” என்றாள் ஜோதி.

“யார்?”

“இதோ பக்கத்துல நிக்கிறாங்களே. எங்கம்மா.”

ஹாலில் சலசலப்பு. வைதேகி தலையைக் குனிந்துகொண்டாள். ஜோதி நிறுத்தவில்லை.

“பேப்பரெல்லாம் எனக்குத் தெரியாம எட்த்துக்கினு வந்தாங்க. கையெழுத்து நான் போட்டதுதான், பொய் சொல்லல. ஆனா எனக்கு இஷ்டம் இல்லீங்க. வுட்டுட்டுப் போன ஆள வூட்ல சேக்கமாட்டேன்னு சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கை. இவன் வெளிய வந்தா அந்த ஆள இட்டுக்கினு நேரா என் வூட்டுக்குத்தான் வருவான். வயசுப் பொண்ண வெச்சிக்கினு கீறேன். என் வூட்டுக் கதவ நான் சாத்தி வெக்கணும். அவ்ளோதாங்க எனக்கு வோணும்.”

மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் ஏதோ எழுதினார். இரண்டாவது ஜாமீனை ஏற்கவில்லை என்றார். விடுமுறை கழித்து வேறு ஆளைக் கூட்டிவரச் சொன்னார். பெற்ற தாயைப் பார்த்து, “இது சரியில்லைம்மா” என்று மட்டும் சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வைதேகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜோதி தன் ஆதாரையும் ஐ.டி. கார்டையும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு நடந்தாள். சம்பளச் சீட்டைக் கேட்க மறந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் தாயம்மா பத்தடி பின்னால் வந்தாள். நெரிசலில் அவள் எதிலும் முட்டிக்கொள்ளவில்லை.

“திருப்திதான?” என்றாள் நிழலுக்கு வந்ததும். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஊர் பாக்க பெத்தவளக் காட்டிக் குட்த்துட்ட. நல்லாயிருப்ப.”

“ஊர் பாக்கத்தான் அவனும் அடிச்சான். நீ அப்ப எங்க போன?”

“நீ செயிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு கீற.”

அந்தச் சொல்லில் ஏதோ இருந்தது. ஜோதி கேட்பதற்குள் போன் அடித்தது. உம்மே ஹானி. ஒற்றைக் கையால் பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள்.

“சொல்லுக்கா.”

“எங்க இருக்க ஜோதி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா? உங்க வூட்டுக்காரர் வந்துட்டாரே! பெட்டி, பாயோட வந்து எறங்கியிருக்காரு. நல்ல விசயம்தான், நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?”

“வூட்டுக்கு உள்ளயா கீறாரு?”

“உள்ளதான். கட்டில்ல படுத்து டி.வி. பாக்குறாரு. வாசல்ல புதுசா கோலம்கூட யாரையோ வுட்டு போடச் சொல்லிருக்காரு. பக்கத்து வூட்டுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தாரு.”

“சாவி... சாவி உன்கிட்டதான அக்கா குட்த்தாங்க எங்கம்மா?”

“எங்கிட்டயா? யாரும் குடுக்கலியே. அவர்தான் ஜோப்புலேந்து எடுத்துத் தொறந்தாரு.”

ஜோதி போனைக் காதிலிருந்து எடுத்தாள். இப்போது எல்லாம் வரிசையாக விளங்கியது. மதிவாணன் ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை. அவன் ஏன் போனை எடுக்கவில்லை. காலை ஏழரைக்கே ஏன் கிளம்பவேண்டியிருந்தது. நம்ம வண்டி நம்ம வண்டி என்று ஏன் அத்தனை நேரம் நிற்கவேண்டியிருந்தது. கையெழுத்துக் கிடைத்தால் மகன் வெளியே. கிடைக்காவிட்டாலும் மருமகன் உள்ளே. ஒன்றுக்கு இரண்டாகக் கணக்குப் போட்டுத்தான் கிழவி கிளம்பியிருக்கிறாள்.

“சாவிய அவன்கிட்ட குட்த்தியா?”

தாயம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “புருசன் வூட்டுக்கு வந்தா இன்னா தப்பு? அது ஒண்ணும் உன் பேர்ல கீற வூடு இல்ல. வெள்ளத்துக்கு அப்பறம் கெவர்மெண்டு என் பேர்ல குட்த்த வூடு. என் மருமவன நான் சேப்பேன்.”

ஜோதி போனில் மணியைப் பார்த்தாள். இரண்டே முக்கால். நாலு மணிக்குக் கயல் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள். படியேறி வந்து, கதவு திறந்திருப்பதைப் பார்த்து, பாட்டிதான் என்று நினைத்து உள்ளே போவாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போன ஆளை அவளுக்குச் சட்டென்று அடையாளம்கூடத் தெரியாது. அவளிடம் போன் கிடையாது.

பெரும்பாக்கம் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜோதி பாய்ந்து ஏறினாள்.

“ஏய், அது காசு வண்டி!” என்று கத்தினாள் தாயம்மா. “பின்னாலியே நம்ம வண்டி வருது பாரு, சிக்னலாண்ட!”

ஜோதி படியில் நின்று திரும்பினாள். சிக்னல் நல்ல தொலைவில் இருந்தது. அவள் கண்ணுக்கே அந்த பஸ்ஸின் முகப்பு மங்கலாகத்தான் தெரிந்தது.

“நீ அதுல வா” என்றாள். “வயி கேட்டு வா. இல்லன்னா புண்ணியவாங்க யாருனா ஏத்தி வுடுவாங்க.”

“ஜோதி! அடியே, என்ன வுட்டுட்டா போற? ஜோதி!”

பஸ் நகர்ந்தது. தாயம்மா பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே நாலடி ஓடிவந்தாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு ஜோதியைப் பார்த்தார்.

“பெரியம்மா உங்க கூட வந்தவங்களா? வண்டிய நிறுத்தணுமா?”

ஜோதி போனை இடுப்பில் செருகிவிட்டு, நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“வாணாம். பெரும்பாக்கம் ஒண்ணு குடுங்க.”

“ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணு” என்றாள்.